ஆளுக்கு ஒரு பாட்டில்

1

கப்பலில் ஏறும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டு போகலாம். அதற்கு மேல் கூடாது. ரம், பிராந்தி, பீர் எதுவும் கூடாது. தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது. ஒயின் மட்டும், மூடி திறக்காமல், கைப்பையில் இருக்க வேண்டும். அறையில் வைத்துக் குடித்தால் பணம் கிடையாது. சாப்பாட்டு ஹாலுக்குக் கொண்டுபோனால் திறந்து கொடுக்கிறதுக்குக் கூலி.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைப் போனில் காட்டிப் படித்தேன். போன் அதைத் தமிழாக்கித் தரும். அந்தத் தமிழை நான் மறுபடியும் தமிழாக்கிக்கொள்வேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். மனைவி சரோஜா நர்ஸ். அவளுக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் மகனும் வந்தோம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், நான் காய்கறி மார்க்கெட்டில் பெட்டி தூக்கப் போனேன். இப்போது அவள் இல்லை. எனக்கும் வேலை முடிந்துவிட்டது. நானும் மகனும் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் பெயர் செந்தில். இங்கே அவனை சென் என்கிறார்கள். அவனும் போனை எடுத்தால் சென் என்றுதான் சொல்கிறான்.

போன வருஷம் அவனுக்குக் கனடாவில் வேலை வந்தது.

"அப்பா, போறதுக்கு முன்னாடி நாலு நாள் கப்பல்ல போய்ட்டு வரலாங்களா?" என்றான்.

சரி என்றேன். எனக்குக் கப்பல் வேண்டியதில்லை. ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் கிளம்புவதற்குள் ஒரு சாயங்காலம், ஆளுக்கு ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு அவனோடு உட்கார வேண்டும்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். அப்பனும் மகனும் சேர்ந்து குடிப்பதா, வெட்கமில்லையா என்பீர்கள். வெட்கம் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷம் உட்காரவில்லை.

2

சனிக்கிழமை சாயங்காலம் செந்திலின் கூட்டாளிகள் வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். நான் கராஜுக்குள் இருப்பேன். அங்கே எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு ரம் பாட்டில் உண்டு. அவனுக்கு அது தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். கராஜுக்குள் வருவதற்கு முன் அவன் எதையாவது தட்டிச் சத்தம் பண்ணுவான். பின்பக்கம் போவதற்கு முன் நான் செருப்பைத் தரையில் தேய்ப்பேன். நான் போய்ச் சேருவதற்குள் அவன் கையில் இருப்பது வேறு யார் கையிலாவது இருக்கும். ஒருத்தன் கையில் இரண்டு கிளாஸ் இருக்கும். பாவம், அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

கராஜில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் பேசுவது கேட்கும். இங்கிலீஷ். பாதி புரியும். செந்தில் ஏதோ ஆபீஸ் கதை சொல்லுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் சிரிப்புதான் பெரிசாகக் கேட்கும். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அப்படிச் சிரிக்கிற ஆளை எனக்குத் தெரியாது. என்னிடம் அவன் பேசுவது மூன்றுதான்.

"சாப்ட்டீங்களா?"

"மாத்திரை போட்டீங்களா?"

"குப்பைத் தொட்டிய வெளிய வெச்சுட்டேங்கப்பா."

மூன்றும் நல்ல பேச்சுதான். குறை சொல்லவில்லை. ஆனால் கையில் கிளாஸ் இருந்தால் என்னிடமும் நாலாவது ஒன்று பேசுவானோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

3

எங்கள் அப்பாவை நாங்கள் அய்யன் என்போம். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் ராணுவ முகாமில் தோட்ட வேலை. காக்கி போட்ட சிவிலியன். சாயங்காலம் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறி ஒரு கடைக்குப் போவார். ஒயின் ஷாப் என்று போர்டு இருக்கும். உள்ளே ஒயின் மட்டும் இருக்காது.

எனக்கும் வயது வந்தது. நானும் அதே கடைக்குத்தான் போனேன். பக்கத்தில் வேறு கடை இல்லை.

அப்பனும் மகனும் அங்கே பார்த்துக்கொள்ளக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டவர் கடை வாசலில் சுண்டல் விற்ற மாரியண்ணன். நான் படி ஏறி வந்து கேட்பேன்.

"ஏனுங்கண்ணா, சுண்டல் வெந்துருச்சுங்களா?"

அய்யன் உள்ளே இருந்தால், "இன்னும் வேகலை தம்பி. ஒரு சுத்து சுத்திட்டு வா" என்பார். நான் மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றி வருவேன். அய்யன் போயிருந்தால், "வெந்துருச்சு, போ" என்பார். நான் உள்ளே இருக்கும்போது அய்யன் வந்தால் அவருக்கும், வேகலை என்கிற பதில்தான். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா இது? நா தின்னுட்டு இருக்கேன். அந்தப் பையங்கிட்ட வேகலைங்கற?"

"உங்களுக்கு வெந்தது. அவனுக்கு வேகலைங்க" என்றார் மாரியண்ணன்.

இன்னொரு நாள் நல்ல மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. நான் ஒரு படிக்கட்டில் ஏறினேன். அய்யன் இன்னொரு படிக்கட்டில் ஏறியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுண்டல் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றோம். மாரியண்ணன் அய்யனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கே வாய் அடைத்துவிட்டது. அய்யன்தான் பேசினார்.

"ரெண்டு பொட்டலம் குடுப்பா." என்னைப் பார்த்து, "வா, ஊட்டுக்குப் போலாம்."

வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தோம். அய்யன் சாகிறவரைக்கும் நான் குடிப்பது அவருக்குத் தெரியாது. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அய்யன் மனசில் என்ன இருந்தது என்பதை நான் கேட்டதெல்லாம் மாரியண்ணன் வாயால்தான். நான் சிட்னிக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்தபோது அய்யன், "செரி, ஸ்வெட்டர் எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் கடைக்குள் உட்கார்ந்து அன்றைக்கு அழுதிருக்கிறார். "உள்ள உங்கய்யனுக்குக் கண்ணுல தண்ணி நிக்கலப்பா" என்று மாரியண்ணன் சொன்னார். அப்பன் அழுததை நான் சுண்டல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செந்திலுக்கு இங்கே சொல்லுவதற்கு சுண்டல்காரர்கூட இல்லை.

4

கப்பலுக்கு முந்தின நாள் ஒயின் வாங்கப் போனேன். பெரிய கடை. சுவர் நெடுக பாட்டில். கடையில் இருந்த பெண் இங்கிலீஷில் கேட்டாள்.

"சிவப்பா, வெள்ளையா?"

"நல்லது" என்றேன்.

"எதோடு சேர்த்துக் குடிக்கப் போகிறீர்கள்?"

மீனோடா கறியோடா என்று அவள் கேட்டிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. அப்போது, "என் மகனோடு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தாள்.

நான் நினைத்து வைத்திருந்தது இதுதான். கப்பலில் ஒரு சாயங்காலம் பாட்டிலை அவன் அறைக்குக் கொண்டுபோய் மேஜையில் வைக்க வேண்டும். "சட்டத்துல ஆளுக்கு ஒண்ணு கொண்டாரலாம்னு போட்டிருந்துச்சு, அதான் கொண்டாந்தேன்" என்று சொல்ல வேண்டும். சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் எனக்கும் வெட்கமில்லை, அவனுக்கும் வெட்கமில்லை.

5

துறைமுகத்தில் வரிசை நீளம். முதலில் பாஸ்போர்ட். என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் வெலிங்டன் என்று இருக்கிறது. எந்த ஆபீஸில் காட்டினாலும் நியூசிலாந்தா என்பார்கள். நான் இல்லை என்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். செந்தில் எனக்காகப் பேசி முடிப்பான். சரோஜா இருந்தபோது அவள் பேசினாள். அப்புறம் இவன். என் வாயை நான் இந்த நாட்டில் அதிகம் செலவு பண்ணவில்லை.

அடுத்தது பையைச் சோதிக்கிற இடம். நம் மலைக்கு வருகிற வண்டியை பர்லியாரில் நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று தேடுவார்களே, அதே மாதிரிதான். இங்கே மிஷின் தேடுகிறது.

நான் தள்ளி வேறு வரிசையில் போய் நின்றேன். அவன் விடவில்லை.

"அப்பா, அங்க எங்க போறீங்க? இங்க வாங்க. நா பேசிக்கறேன்."

என் பை மிஷினுக்குள் போனது. நின்றது. ஆபீசர் திரையைப் பார்த்தார்.

"இது யார் பை?"

"என்னுடையது" என்றேன்.

"உள்ளே இருக்கிற பாட்டில் உங்களுடையதா?"

செந்தில் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"இல்லை" என்றேன்.

ஆபீசர் நிமிர்ந்தார். "பை உங்களுடையது, பாட்டில் உங்களுடையது இல்லையா?"

"பாட்டில் இல்லை."

அவர் பையைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். துண்டில் சுற்றி வைத்திருந்தேன். துண்டையும் எடுத்து வைத்தார். இன்னொருவர் வந்தார். யாராவது உங்களிடம் கொடுத்துவிட்டார்களா, வழியில் பையை எங்காவது விட்டீர்களா என்று கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சட்டப்படி அது என் பங்கு. யாரும் தப்புச் சொல்ல முடியாது. மகன் பக்கத்தில் நிற்கும்போது அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அந்த ஆபீசருக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? என் இங்கிலீஷ் அவ்வளவு தூரம் போகாது.

செந்தில் முன்னால் வந்தான்.

"அது என்னுடையது. நான்தான் அவர் பையில் வைத்தேன். அவருக்குத் தெரியாது."

"உங்கள் பையிலும் ஒன்று இருக்கிறதே?"

"இருக்கிறது."

அவனும் ஒன்று கொண்டுவந்திருக்கிறான்.

"ஆளுக்கு ஒன்றுதான்" என்றார் ஆபீசர்.

செந்தில் தன் பையைத் திறந்து தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அதன் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். என் பாட்டிலை அவன் துண்டோடு எடுத்துத் தன் பையில் வைத்தான். அவனுடையது என்று சொல்லிவிட்டானே, அவன் பையில்தான் வைக்க வேண்டும்.

"வாங்கப்பா" என்றான்.

6

ஒரே அறையில் இருப்போம் என்று நினைத்திருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை போட்டிருந்தான்.

"நீங்க குறட்டை விடுவீங்கப்பா."

விடுவேன்தான்.

அறையைச் சுத்தம் பண்ண வந்த பையன் பெயர் பிஜு. வயநாட்டுக்காரன். நான் நீலகிரி என்றதும், "கூடலூர் வழி ஊட்டி வந்திட்டுண்டு அங்கிள். செம தணுப்பு!" என்று தோளைக் குறுக்கிக் காட்டினான். அன்றைக்கு நான் பேசிய நீளமான பேச்சு அவனோடுதான்.

சாப்பாட்டு ஹாலில் நானும் செந்திலும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் வந்து ஒயின் வேண்டுமா என்பார். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்போம். சுற்றிலும் எல்லா மேஜையிலும் பாட்டில். எங்கள் மேஜையில் தண்ணீர். விரதம் இருக்கிற ஆட்கள் மாதிரி இருந்தோம்.

"மீன் நல்லாருக்குங்களா?"

"இருக்குது."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

ஒரு தீவில் கப்பலை நிறுத்தினார்கள். அவன் கடலில் நீந்தினான். நான் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். தூரத்திலிருந்து அவன் கை ஆட்டினான். நானும் ஆட்டினேன். சின்ன வயதில் குன்னூரில் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இப்படித்தான் ஆட்டுவான்.

பாட்டிலைப் பற்றி அவன் பேசவில்லை. நான் எப்படிப் பேசுவேன்? இல்லை என்று சொன்ன பாட்டிலை எந்த வாயால் கேட்பது? கடைசி நாள் வந்தது. கப்பல் சிட்னியைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நாளைக்குக் காலையில் இறங்க வேண்டும். அப்புறம் அவன் பெட்டி கட்டுவான். நான் நினைத்தது நடக்காது என்று தெரிந்துபோனது.

7

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடலைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்காது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரு மரம்கூட வராது.

என் பால்கனிக்கும் அவன் பால்கனிக்கும் நடுவில் வெள்ளைத் தட்டி ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல். கம்பிக்கும் தட்டிக்கும் நடுவில் ஒரு கை போகிற சந்து. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டப் என்று ஒரு சத்தம். கார்க் திறந்த சத்தம். எனக்குத் தெரியாதா? நான் உள்ளே போக எழுந்தேன்.

"அப்பா" என்றான் அந்தப் பக்கமிருந்து.

"ம்."

"உள்ள போறீங்களா?"

"ஆமா. குளுருது."

"யாருக்கு? குன்னூர்க்காரருக்கா?"

உட்கார்ந்தேன். சந்து வழியாக ஒரு கை வந்தது. கையில் கிளாஸ்.

"புடிங்க."

"என்ன இது?"

"நீங்க பாக்க வேண்டாம். நானும் பாக்கல. புடிங்க, கை வலிக்குது."

வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன்.

"புளிக்குது" என்றேன்.

"நீங்க வாங்குனதுதானுங்க."

"நா எங்க வாங்கினேன்?"

"செரி செரி. நீங்க வாங்கல."

சிரித்தான். அந்தச் சிரிப்பு. வயிற்றிலிருந்து வருகிறது. கராஜில் உட்கார்ந்து கேட்ட அதே சிரிப்பு, இப்போது எனக்கென்று வந்தது. நான் கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தாளு கேட்டப்ப ஏம்ப்பா இல்லைன்னீங்க? உள்ள புடிச்சு வெச்சிருப்பாங்க."

"நீ பக்கத்துல நின்னுட்டு இருந்தியே."

நான் மாரியண்ணன் கதையைச் சொன்னேன். வேகாத சுண்டல், லாரி டிரைவர், மூடுபனி, எல்லாம். அவனுக்கு நான் இவ்வளவு நீளமாக எதுவும் சொன்னதில்லை. அவன் சிரித்துச் சிரித்து இருமினான். கை திரும்ப வந்தது, காலி கிளாஸை வாங்கிக்கொண்டு போனது, நிரப்பிக்கொண்டு வந்தது. அய்யன் கடைக்குள் அழுததையும் சொன்னேன். அதற்கு அவன் சிரிக்கவில்லை.

"நா கனடா போறேன்னு சொன்னப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றான்.

"செரின்னு சொன்னேன்."

"அதாங்கப்பா. செரின்னு மட்டுந்தான் சொன்னீங்க. நா போனா உங்களுக்குப் பரவால்லையோன்னு நெனச்சேன்."

"பரவால்லைன்னு யாரு சொன்னா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போக மாட்ட கண்ணு."

அவன் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது. காற்றும் அடித்தது. எது என்று நான் பார்க்கவில்லை.

"போறதுக்குப் பயமா இருக்குப்பா" என்றான். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னான். எனக்குத் தெரியாமல் அவள் அவனிடம் சொன்னது ஒன்றைச் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த நேரத்தில் பிஜு படுக்கை விரிக்க என் அறைக்குள் வந்தான். பால்கனிக் கதவில் தலையை நீட்டினான்.

"அங்கிள், அப்புறத்து சாரும் அங்கிளும் ஃபேமிலி தானே? இந்தத் தட்டி தொறக்கலாம். சாவி என்கிட்ட உண்டு. ரெண்டு பால்கனியும் ஒண்ணாகும். தொறக்கட்டே?"

"வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம்" என்றான் செந்தில், அந்தப் பக்கமிருந்து.

பிஜு என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். தட்டியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் போனான். தட்டியைத் திறந்தால் செந்தில் கிளாஸைக் கீழே வைத்துவிடுவான். நானும் வைத்துவிடுவேன். அப்புறம், சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா.

8

இறங்கும்போது சீட்டு ஒட்டிய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிளம்புகிற வாரம் அவன் அதைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டான். ஏர்போர்ட்டில் அவன் என்னைக் கட்டிப் பிடித்தான். நான், "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும். குப்பைத் தொட்டியை நானே வெளியே வைக்கிறேன். யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லாததால் கராஜிலிருந்த ரம் சமையலறைக்கு வந்துவிட்டது. அங்கே வைத்தால் குடிக்கத் தோன்றவில்லை.

செந்தில் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். எனக்குக் காலை. அவனுக்கு அங்கே சனிக்கிழமை சாயங்காலம். போனில் முகம் பார்த்துப் பேசலாம். நாங்கள் பார்ப்பதில்லை. பேச்சு மட்டும்தான். அவன் பக்கம் கிளாஸில் ஐஸ் கட்டி இடிக்கிற சத்தம் கேட்கும். ஆபீஸ் கதை சொல்லுவான். பனி கொட்டுவதைச் சொல்லுவான். சிரிப்பான். இனிமேல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சாயங்காலம் வராது. காலையில் குடிக்கிற பழக்கம் எனக்கில்லை. கையில் டீதான் இருக்கும்.

போன வாரம், "என்னப்பா, உங்க பக்கம் சத்தமே காணோம்?" என்றான்.

எனக்குச் சர்க்கரை வியாதி. டீயில் எதுவும் போடுவதில்லை. எழுந்து போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்தேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டம்ளருக்குள் ஸ்பூனை விட்டுச் சுற்றினேன்.

"ஆங்" என்றான். "இப்பச் செரி. சொல்லுங்க."